உங்க பிள்ளை ‘திறமைசாலி’யா, இல்லையா? அந்தக் கட்டத்தை நிரப்பினது யார்?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடம் போற பிள்ளை வீட்டுல இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. இல்லாட்டியும் படிங்க, அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்கு உதவும்.

எங்க அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறா. தனியார் சி.பி.எஸ்.இ பள்ளி. (ஏன் தனியார் பள்ளின்னு கமெண்ட்ல வராதீங்க. அந்தச் சண்டை எங்க வீட்டுலயே நடந்து முடிஞ்சிருச்சு.) ஒரு நாள் சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தகவல்: “இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு, ஆதார் நகலுடன் நாளைக்குள் ஒப்படைக்கவும்.” என்ன படிவம், எதுக்கு, போடலைன்னா என்ன ஆகும், ஒரு வரி விளக்கம் கிடையாது. கீழ வரிசையா முப்பது பெற்றோர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தாங்க.

அக்கா எனக்கு அனுப்பினா. “நீ என்ஜினியரிங் படிச்சவன்தானே, இது என்னன்னு பாரு.”

பார்த்தேன். அபார் அடையாள எண்ணுக்கான ஒப்புதல் படிவம். ‘ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாள அட்டை’ன்னு ஒன்றிய அரசு விளம்பரம் பண்ணுதே, அதுதான். 12 இலக்க எண். ஆதாரோட இணையும், டிஜிலாக்கர் கணக்கு திறக்கும், மழலையர் பள்ளியிலிருந்து பட்டம் வரைக்கும் பிள்ளையோட மொத்த கல்விப் பதிவையும் ஒரே எண்ணுக்குக் கீழ கோர்க்கும்.

படிவம் முழுக்க ஆங்கிலம். அதுல ஒரு வரியை மூணு தடவை படிச்சேன். பிள்ளையோட பெயர், முகவரி, வயது, பிறந்த தேதி, பாலினம், புகைப்படம் எல்லாம் யார் யாருக்குக் கொடுக்கப்படலாம்னு ஒரு பட்டியல். யூடைஸ் பிளஸ் தரவுத்தளம், உதவித்தொகை, கல்விப் பதிவுப் பராமரிப்பு, கல்வி நிறுவனங்கள்... கடைசியா ஆள்சேர்ப்பு நிறுவனங்கள்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை. ஆள்சேர்ப்பு நிறுவனம். வேலைக்கு எடுக்குறவங்களுக்கு எங்க பிள்ளையோட போட்டோவும் முகவரியும் எதுக்குய்யா? படிவத்தைத் தயாரிச்ச அதிகாரி யாராவது இந்தப் பக்கம் வந்தா பதில் சொல்லுங்க.

அக்காகிட்ட “போடாத, விளக்கம் கேளு”ன்னு சொன்னேன். அவ கேட்டா. “எல்லாரும் போட்டுட்டாங்க மேடம், உங்க பொண்ணு ஒருத்திதான் பெண்டிங்”னு பதில் வந்தது. ரெண்டு நாள் கழிச்சு பிள்ளை வீட்டுக்கு வந்து, “அம்மா, கிளாஸ்ல என் பேரை மட்டும் வாசிச்சாங்க”ன்னு அழுதா. மூணாவது நாள் அக்கா கையெழுத்து போட்டுட்டா.

இதுக்குப் பேரு ஒப்புதலா தோழர்களே? கந்துவட்டிக்காரன்கூட பத்திரத்தைப் படிக்க ஒரு ராத்திரி அவகாசம் கொடுப்பான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அபார் கட்டாயமில்லை. விருப்பப்பட்டா மட்டும்தான்னு ஒன்றியக் கல்வி அமைச்சகமே சொல்லுது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்னு அந்தப் படிவத்திலேயே இருக்கு. ஆனா 2025 ஜனவரியில் சி.பி.எஸ்.இ தன்னோட பள்ளிகளுக்கெல்லாம் இதை நடைமுறைப்படுத்தச் சொல்லி சுற்றறிக்கை விடுது. அதே மாசம் நீட் விண்ணப்பத்துக்கு அபார் எண்ணைக் கேட்டு தேசியத் தேர்வு முகமை அறிவிப்பு விட்டது. எதிர்ப்பு கிளம்பினதும், கட்டாயமில்லைன்னு அவங்களே விளக்கம் கொடுத்தாங்க. மேல ‘விருப்பம்’, கீழ ‘நாளைக்குள்’. டெல்லியில் கிளம்பும்போது வேண்டுகோளா இருக்குறது, வகுப்பறைக்கு வந்து சேரும்போது உத்தரவா மாறிடுது. நடுவுல எங்க மாறுச்சுன்னு கேட்டா ஒருத்தரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க.

சரி, இது பாதிக் கதை. நான் சொல்ல வந்த விஷயம் வேற.

கையெழுத்து போட்டு கொஞ்ச நாள் கழிச்சு அக்காவுக்கு ஒரு போன். ஒரு கோச்சிங் சென்டர். பேரு வேண்டாம். “மேடம், உங்க டாட்டர் மேத்ஸ்ல ரொம்ப டேலண்ட்னு கேள்விப்பட்டோம். ஃபவுண்டேஷன் கோர்ஸ் போடுறோம்.” பிள்ளை பேரு, வகுப்பு, பள்ளி எல்லாம் சரியா சொல்றாங்க. யார் சொன்னதுன்னு கேட்டா “டேட்டாபேஸ்ல இருக்கு மேடம்”. எந்த டேட்டாபேஸ்? லைன் கட்.

நேர்மையா சொல்றேன், அந்தத் தகவல் எங்கிருந்து போச்சுன்னு எனக்குத் தெரியாது. பள்ளியில் நடந்த ஏதோ ஒலிம்பியாட் தேர்வுப் பட்டியலா இருக்கலாம், நோட்டுப் புத்தகக் கடைக்காரர் வாங்கின போன் நம்பரா இருக்கலாம். அபார்தான் காரணம்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் கிடையாது. சொல்லவும் மாட்டேன். ஆனா அந்த ‘டேலண்ட்’ங்கிற வார்த்தை என்னை உறுத்துச்சு. அதனால தேட ஆரம்பிச்சேன். அப்பதான் கிடைச்சது யூடைஸ் பிளஸ் மாணவர் படிவம்.

யூடைஸ் பிளஸ்னா ஒன்றியக் கல்வி அமைச்சகத்தோட பள்ளித் தரவுத்தளம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாரும் வருஷாவருஷம் ஏத்தணும். முன்னாடி பள்ளி அளவுல எண்ணிக்கை மட்டும் போகும்: எத்தனை பிள்ளை, எத்தனை வகுப்பறை, கழிப்பறை இருக்கா. அதுல யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அரசு திட்டம் போட அது வேணும். 2022-23லிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பதிவு. 2023-24 கணக்குப்படி சுமார் 24 கோடியே 80 லட்சம் பிள்ளைகள்.

ஆசிரியரா இருக்குற நண்பர் ஒருத்தர் அந்த வெற்றுப் படிவத்தைக் காட்டினார். பெயர், தாய் பெயர், தந்தை பெயர், போன் நம்பர், ஆதார், சமூகப் பிரிவு, மதச் சிறுபான்மையா, வறுமைக்கோட்டுக்குக் கீழா, உயரம், எடை, ரத்த வகை. இப்படியே போய்க்கிட்டு இருக்கும்போது ஒரு இடத்துல வருது: இந்த மாணவர் சிறப்புத் திறன் கொண்டவராக அடையாளம் காணப்பட்டவரா? கணிதம், மொழி, அறிவியல், தொழில்நுட்பம், விளையாட்டு, கலை. ஆம் / இல்லை. அதே படிவத்துல, கற்றல் குறைபாட்டுக்குப் பரிசோதிக்கப்பட்டாரா? ஆட்டிசம்? கவனக்குறைவு, அதிவேகச் செயல்பாடு?

எத்தனை பேருக்கு இது தெரியும்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. உங்க பிள்ளையோட பேருக்கு நேரா ‘திறமைசாலி: இல்லை’ன்னு ஒரு பதிவு இருக்கலாம்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துல சொன்னாங்களா? ரேங்க் கார்டுலயாவது வந்துச்சா?

நண்பர்கிட்ட கேட்டேன்: “சார், இதை எந்தத் தேர்வு வச்சு நிரப்புவீங்க?” சிரிச்சார். “தேர்வா? நாப்பத்தஞ்சு பிள்ளை, ஒவ்வொருத்தருக்கும் இத்தனை கட்டம், கடைசித் தேதி நாளைக்கு, சர்வர் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வேலை செய்யும். எல்லாத்துக்கும் ‘இல்லை’ போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்போம். ‘ஆம்’னு போட்டா மேல கேள்வி கேப்பாங்க.”

ஆசிரியர்களை நான் குத்தம் சொல்லலை. பாடம் நடத்த வந்தவங்களை டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் ஆக்கி வச்சிருக்கோம். எமிஸ் செயலியில வருகைப்பதிவு, தேர்வு மதிப்பெண், நலத்திட்டக் கணக்குன்னு ஏத்தியே அவங்க ஓய்ஞ்சுட்டாங்க. ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க. அதைக் கேக்காதது எந்த ஆட்சியா இருந்தாலும் தப்புதான்.

நான் கல்லூரியில் படிச்ச தரவுத்தளப் பாடத்தை வச்சு ஒண்ணு சொல்றேன். ஒரு அட்டவணையில ‘ஆம் / இல்லை’ன்னு ஒரு கட்டம் வச்சா, நிரப்புறவர் எந்த நிலைமையில நிரப்பினார்ங்கிறது அதுல பதிவாகாது. ராத்திரி பதினோரு மணி, தூக்கக் கலக்கம், மேலதிகாரி போன், இதெல்லாம் காணாமப் போயிடும். மிஞ்சுறது அந்த ‘இல்லை’ மட்டும். பரிசோதிச்சுப் பார்த்து ‘இல்லை’ன்னு போட்டதும், பார்க்காமலேயே ‘இல்லை’ன்னு போட்டதும் கணினிக்கு ஒண்ணுதான். அஞ்சு வருஷம் கழிச்சு யாரோ ஒரு அதிகாரி, யாரோ ஒரு நிறுவனம், அந்தக் கட்டத்தை வச்சு ‘சிறப்புத் திறன் மாணவர்கள்’னு வடிகட்டினா, அந்த ஆசிரியரோட களைப்பு உங்க பிள்ளையோட தகுதியா மாறியிருக்கும். அழிக்கவும் முடியாது, ஏன்னா அப்படி ஒண்ணு இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது.

இதுலதான் நம்ம அரசியலும் வருது. ‘தகுதி’, ‘திறமை’ங்கிற வார்த்தையை வச்சு நூறு வருஷமா நம்மகிட்ட என்னென்ன பேசினாங்கன்னு புதுசா சொல்லணுமா? மெரிட்னு சொல்லித்தான் கதவைச் சாத்தினாங்க. இப்ப அந்த மெரிட்டுக்கு ஏழாம் வகுப்பிலேயே ஒரு கட்டம். அதே வரிசையில நாலு கட்டம் தள்ளி சமூகப் பிரிவு, அதுக்குப் பக்கத்துல வறுமைக்கோடு. எந்தப் பிள்ளை ‘திறமைசாலி’யா கண்ணுல படும்? வீட்டுல புத்தகம் இருக்குற பிள்ளை, கேள்வி கேட்டா டக்குன்னு பதில் சொல்ற பிள்ளை, அப்பா அம்மா வந்து “எங்க பையன் அபாகஸ் சாம்பியன்”னு சொல்ற பிள்ளை. காலையில அம்மாகூட பூ கட்டிட்டு, முதல் பீரியட்ல தூங்கி விழுற பிள்ளை மனக்கணக்குல புலியா இருந்தாலும் யார் கண்ணுலயும் படாது.

திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே கூடாதான்னு ஒரு கோஷ்டி வரும். வாங்க. கண்டுபிடிக்கணும். முதல் தலைமுறையா படிக்கிற பிள்ளைக்கு அது உயிர்நாடி. தேசியக் கல்விக் கொள்கை 2020ன் நாலாவது அத்தியாயக் கடைசியிலயும் சிறப்புத் திறன் மாணவர்களுக்கு ஆதரவுன்னு நாலு பத்தி இருக்கு. அதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல அதுக்கு வழி இருந்துச்சு. கிராமப்புற மாணவர் திறனாய்வுத் தேர்வு இருக்கு: ஒன்பதாம் வகுப்பு, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பொண்ணுங்க. எட்டாம் வகுப்புல என்.எம்.எம்.எஸ் தேர்வு இருக்கு: ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஒன்பதுலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகள் இருக்கு.

இதுக்கும் அந்தக் கட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? என்.எம்.எம்.எஸ்ல பிள்ளை விண்ணப்பிக்குது, வீட்டுக்குத் தெரியும். தேர்வு எழுதுது. விடைக்குறிப்பு வருது, தப்பா இருந்தா கேக்கலாம். கிடைச்சா பணம் வருது. கிடைக்கலைன்னா அதோட போச்சு, ‘தேர்வாகாதவர்’னு பிள்ளை முதுகுல யாரும் பச்சை குத்துறது இல்லை. அந்தக் கட்டத்துல இதெல்லாம் தலைகீழ். பிள்ளைக்குத் தெரியாது, பெற்றோருக்குத் தெரியாது, தேர்வு கிடையாது, மேல்முறையீடு கிடையாது, ‘ஆம்’னு இருந்தாலும் பத்து பைசா பலன் கிடையாது. கட்டம் மட்டும் நிரந்தரம்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா சொன்னாங்க. 2018 செப்டம்பர் 26, ஆதார் தீர்ப்பு. பிள்ளைகளுக்கு ஆதார் எடுக்க பெற்றோர் ஒப்புதல் வேணும், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது, 6 முதல் 14 வயசுப் பிள்ளைக்குக் கல்வி அடிப்படை உரிமை, அது அரசு போடுற சலுகை இல்லைன்னு தெளிவாச் சொன்னாங்க. ஆதார் இல்லாம அபார் எண் உருவாகாது. அப்ப அபாருக்காகப் பள்ளி நெருக்குறது எதுக்கு நெருக்குறதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 9வது பிரிவு, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க தகவலைக் கையாள பெற்றோரோட சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேணும்ங்குது. பிள்ளைகளைப் பின்தொடர்றது, நடத்தையைக் கண்காணிக்கிறது கூடாதுங்குது. படிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. அப்புறம் 2025 நவம்பர்ல விதிகள் வந்தது. கல்வி நடவடிக்கைக்காகவும் பிள்ளைகள் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்க கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு! சலுகை, சேவை, சான்றிதழ்னு அரசு கேட்டா ஒப்புதலே தேவைப்படாத வழி 7வது பிரிவுல ஏற்கனவே இருக்கு. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாசம் அவகாசம். வீட்டுக்குப் பூட்டு வாங்கிட்டு, சாவியைத் திருடன்கிட்டயே கொடுத்துட்டு, பூட்டை ஒன்றரை வருஷம் கழிச்சு மாட்டிக்கலாம்னு சொன்ன மாதிரி.

இன்னொரு கூத்து. அதே சட்டத்தோட 44வது பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இருந்த பொதுநலப் பாதுகாப்பை வெட்டி, ‘தனிப்பட்ட தகவல்’னு ஒரு வார்த்தை சொல்லியே மறுக்கலாம்னு ஆக்கிருச்சு. அதிகாரியோட தகவலை நீங்க கேட்டா அது அந்தரங்கம். உங்க பிள்ளையோட தகவலை அவங்க எடுத்தா அது நிர்வாகம்.

அமெரிக்காவைப் பார்த்து நாம எல்லாத்தையும் காப்பி அடிக்கணும்னு சொல்ல வரலை, அங்க அவங்க பிரச்சினை அவங்களுக்கு. ஆனா 1974லேயே அங்க ஒரு சட்டம் போட்டாங்க, குடும்பக் கல்வி உரிமைகள், அந்தரங்கச் சட்டம்னு. ஒன்றிய நிதி வாங்குற எந்தப் பள்ளியும் பிள்ளையோட பதிவேட்டைப் பெற்றோர் பார்க்கக் கேட்டா 45 நாளுக்குள்ள காட்டணும். தப்பா இருந்தா திருத்தச் சொல்லலாம். மறுத்தா விசாரணை கேக்கலாம். அதுலயும் தோத்தா உங்க மறுப்பை எழுதி அந்தப் பதிவோடவே சேர்த்து வைக்கச் சொல்லலாம். பிள்ளைக்கு 18 ஆனதும் உரிமை பிள்ளை கைக்குப் போகும். ‘சிறப்புத் திறன்’ வகுப்புல ஏன் என் பிள்ளையைச் சேர்க்கலைன்னு கேக்குற தாய், தன் பிள்ளையோட மதிப்பெண்ணை, ஆசிரியர் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்க முடியுது. அதுக்கு ஐம்பது வருஷம் கழிச்சு 24 கோடி பிள்ளைகளோட தரவுத்தளம் கட்டின நாம, ‘பெற்றோர் பார்க்கலாம்’ங்கிற ஒரு பட்டனை வைக்க மறந்துட்டோம். நானும் கோட் எழுதுறவன்தான், அந்த ஒரு பக்கம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். இது தொழில்நுட்பக் குறை இல்லை. மனசு இல்லை, அவ்வளவுதான்.

தகவல் வெளிய போகாது, அரசு சர்வர் பத்திரம்னு நம்புறவங்களுக்காக: திக்‌ஷா செயலி ஞாபகம் இருக்கா? ஊரடங்குல பிள்ளைகள் எல்லாம் பயன்படுத்தின ஒன்றிய அரசோட கல்விச் செயலி. அதோட தரவு பாதுகாப்பில்லாத ஒரு கிளவுட் சேமிப்புல திறந்து கிடந்ததுன்னு 2023 ஜனவரியில் ‘வயர்டு’ இதழ் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களோட பேரு, போன் நம்பர், மின்னஞ்சல். சுமார் ஆறு லட்சம் மாணவர்களோட பேரும் பள்ளியும். யாராவது பதவி விலகினாங்களா? ஒரு பெற்றோருக்காவது “உங்க பிள்ளை தகவல் வெளிய போயிருச்சு, மன்னிச்சிடுங்க”ன்னு ஒரு எஸ்.எம்.எஸ் வந்துச்சா?

எதிர்த்தரப்பை மட்டும் திட்டிட்டுப் போனா அது நேர்மையில்லை. நம்ம வீட்டையும் பார்க்கணும். தமிழ்நாட்டுல 2017லேயே பொதுத்தேர்வுல ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்திட்டோம். பிள்ளைகள் மனசு உடையக் கூடாதுன்னு எடுத்த நல்ல முடிவு அது. ஆனா தெருவுல? ரிசல்ட் வந்த மறுநாள் பள்ளிக்கூட வாசல்ல பத்தடி ஃபிளெக்ஸ், பிள்ளை போட்டோ, மதிப்பெண், அப்பா பேரு. என்.எம்.எம்.எஸ் ரிசல்ட் வந்தா, வருமானச் சான்று கொடுத்து எழுதின பிள்ளை எதுன்னு ஊருக்கே தெரியுற மாதிரி ஃபேஸ்புக்ல பட்டியல். அந்த ஃபிளெக்ஸ்ல சில இடத்துல ஓரமா நம்ம கட்சிக்காரங்க போட்டோவும் வாழ்த்தும் இருக்கு. தோழர்களே, கோவிச்சுக்காதீங்க, இனி வேண்டாம். பிள்ளைகிட்டயும் வீட்டுலயும் கேட்டுட்டுப் போடுங்க. இல்லைன்னா பேனருக்கு ஆகுற காசுக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்க.

மாநில அரசுக்கும் இதே கேள்விதான். எமிஸ்ல என்ன இருக்கு, யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க? டெல்லிகிட்ட உரிமை கேக்குற நாம, தாம்பரத்துல இருக்குற தாய்க்கும் தருமபுரியில இருக்குற தகப்பனுக்கும் அந்த உரிமையைக் கொடுக்கணுமா இல்லையா? ஒன்றிய அரசு சட்டம் திருத்துற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தன் பள்ளிகளுக்கு ஒரு அரசாணை போதும்: பிள்ளையோட முழுப் பதிவையும் வருஷத்துக்கு ஒரு தடவை தமிழ்ல அச்சடிச்சு பெற்றோர் கையில கொடு. தப்புன்னு சொன்னா திருத்து. திறன், குறைபாடு ரெண்டு கட்டத்தையும் தகுந்த பரிசோதனையும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாம நிரப்பாத, ‘பரிசோதிக்கப்படவில்லை’ன்னு மூணாவது வாய்ப்பு வை. போர்ட்டல்ல அந்த மூணாவது வாய்ப்பு இல்லைன்னா ஒன்றிய அரசுக்கு எழுதிக் கேளு, கேட்டதை வெளியிடு.

“அக்கா பிரச்சினை என்ன ஆச்சு?”ன்னு கேப்பீங்க. பள்ளி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். பிள்ளையோட யூடைஸ் பதிவைக் காட்டுங்கன்னு கேட்டோம். “அது கவர்ன்மெண்ட் போர்ட்டல் சார், பேரண்ட்ஸுக்குக் காட்ட முடியாது.” எழுத்துல கொடுங்கன்னோம். கொடுக்கலை. நாங்க எழுத்துல கொடுத்துட்டு, நகல்ல சீல் வாங்கிட்டு வந்தோம். ஒப்புதலைத் திரும்பப் பெறுறதா தனிக் கடிதமும் கொடுத்தோம். வெளிய வரும்போது அக்கா ஒண்ணு சொன்னா: “ஆம்னு இருந்தாலும் பயமா இருக்குடா, இல்லைன்னு இருந்தாலும் பயமா இருக்கு.” பதில் இன்னும் வரலை. வந்தா இங்கேயே பதிவு போடுறேன்.

2011ல ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்குல உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதினவர் தன்னோட விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டுப் பார்க்கலாம்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. எதிர்த்து நின்னது சி.பி.எஸ்.இ. தோத்தது. விடைத்தாளுக்கு நடந்தது பதிவேட்டுக்கும் நடக்கணும்னா முதல்ல நாம கேக்கணும். அரசுப் பள்ளின்னா தகவல் உரிமை விண்ணப்பமாவே போடலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில். தனியார் பள்ளின்னா தலைமை ஆசிரியருக்குக் கடிதம், கூடவே முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே கீழ போடுறேன். எடுத்துக்கோங்க, பேரை மாத்திக்கோங்க.

“பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். ஐயா / அம்மா, தங்கள் பள்ளியில் ___ வகுப்பில் பயிலும் என் மகள் / மகன் ___ குறித்து யூடைஸ் பிளஸ், எமிஸ், அபார் ஆகியவற்றில் பதிவேற்றப்பட்டுள்ள அனைத்து விவரங்களின் நகலையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, சிறப்புத் திறன் மற்றும் கற்றல் குறைபாடு தொடர்பான கட்டங்களில் என்ன பதிவிடப்பட்டுள்ளது, எந்தப் பரிசோதனையின் அடிப்படையில், யாரால், எந்தத் தேதியில் பதிவிடப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். பரிசோதனை ஏதும் நடைபெறவில்லை எனில் அப்பதிவுகளைத் திருத்தவும். என் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி என் பிள்ளையின் பெயர், புகைப்படம், மதிப்பெண், தொலைபேசி எண் ஆகியவற்றை எந்த நிறுவனத்துக்கும் வழங்கவோ, பொதுவெளியில் வெளியிடவோ வேண்டாம். இப்படிக்கு, பெற்றோர்.”

ரெண்டு நகல் எடுங்க. ஒண்ணுல பள்ளி சீலும் தேதியும் வாங்குங்க. சீல் போட மாட்டோம்னு சொன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, அந்த ரசீதைப் பத்திரமா வைங்க. உங்க ஒன்றியத்துல, வட்டத்துல இருக்குற நம்ம தகவல் தொழில்நுட்ப அணித் தோழர்கள் எழுதிக் கொடுக்க உதவுவாங்க.

என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஆனா தயவுசெஞ்சு பிள்ளை பேரு, பள்ளி பேரு, போன் நம்பர் எதையும் கமெண்ட்ல போடாதீங்க. படிவத்தை போட்டோ எடுத்துப் போட்டாலும் அந்த இடத்தை மறைச்சுட்டுப் போடுங்க. கோச்சிங் சென்டர்காரங்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்க.

#எங்கபிள்ளை_எங்கஒப்புதல் #பதிவேட்டைக்காட்டு